வாசல் கடலூர், சுவர் சிதம்பரம்

இதைப் பழிவாங்கத்தான் எழுதுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? சமூக நலனுக்காக எழுதுகிறேன், வருங்காலத் தலைமுறைக்காக எழுதுகிறேன் என்பவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இரண்டு பேர் மேல் ஆத்திரம். ஒருவர் கடலூரில் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் சிதம்பரத்தில். இரண்டு பேரும் கை சுத்தமானவர்கள். அடுத்தவர் வீட்டில் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதுதான் பெரிய தொல்லை. வாங்குகிறவர்களாக இருந்தால் கொடுத்துத் தொலைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

என் பெயர் மணவாளன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், புதுச்சத்திரத்தில், பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடையை ஒட்டித்தான் எங்கள் வீடு இருந்தது. புயலில் போய்விட்டது. செங்கல் சுவர், பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போனதும் கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் மூலையில் விட்டுப்போய் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. கிழக்குச் சுவருக்கு அடியில் என் மனைவி இளவரசி இருந்தாள். உயிர் பிழைத்தாள். இடது கால் மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. காற்று கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், யார் வீட்டில் இருந்தாலும் எழுந்து காலை இழுத்துக்கொண்டு வெளியே போய் ரோட்டில் நின்றுவிடுவாள். மழை பெய்தால் நனைந்தபடி நிற்பாள். உள்ளே வா என்று கூப்பிட்டால், "சொவரு எப்ப வுழும்னு பாத்துகினே உள்ள ஒக்கார சொல்றியா?" என்பாள். ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த புயலுக்கு இவள் ஒரு வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும்.

மேஸ்திரி அந்தோணிசாமியைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பார், பிறகு செய்துவிடுவார். ஹாலோ பிளாக்கில், நடுவில் ஓட்டை விட்ட சிமெண்ட் கல்லில், கட்டலாம் என்றார். வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே லிண்டல், அதாவது குறுக்கே படுத்துக்கொண்டு மேலே இருக்கிற பாரத்தைத் தாங்குகிற கான்கிரீட் கட்டை. அது இரண்டு பக்கமும் சுவரில் முக்கால் அடியாவது ஏறி உட்கார வேண்டும். அதற்கும் மேலே, கூரைக்குக் கீழே, நாலு சுவரையும் சேர்த்துக் கட்டிச் சுற்றி வருகிற கான்கிரீட் பெல்ட். இளவரசி லிண்டலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெல்ட்டைப் பற்றித்தான் கேட்டாள்.

"மூலையில எங்கயும் வெட்டாம போவுமா மேஸ்திரி?"

"முடியாதும்மா. கம்பிய மடக்கி எறக்கணும், ரொம்ப வேலை," என்றார் அந்தோணிசாமி. பிறகு பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, "செரி, போவும்," என்றார்.

சுவர் ஏழடி எழும்பியது. அப்போதுதான் ஜீப் வந்தது.

ஜீப்பில் வந்தவர் ராஜாமணி. மாவட்டச் சிறு வீட்டுச் சுவர்ப் பாதுகாப்புக் கழகத்தின் சிதம்பரம் பிரிவுத் துணை இயக்குநர். புயலுக்குப் பிறகு, இனி இந்த வட்டாரத்தில் எந்தச் சுவரும் விழக்கூடாது என்பதற்காகத் தொடங்கப்பட்ட கழகம் அது. அது வந்த பிறகு எந்தச் சுவரும் விழவில்லை, ஏனென்றால் எந்தச் சுவரும் எழவில்லை. நாங்கள் அப்போது தார்ப்பாய்க்கு அடியில் குடியிருந்தோம். ராஜாமணி சார் கொளுத்துகிற வெயிலில், தார்ப்பாய்க்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருந்த இளவரசிக்கு ஒரு நோட்டீஸை நீட்டினார்.

"உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு குடுங்க சார்," என்றாள் அவள்.

"உள்ள நின்னு குடுத்த நோட்டீசு செல்லாதும்மா. குடுக்கறவரு வெளிய நிக்கணும், வாங்கறவரு உள்ள நிக்கணும். வெயிலா இருந்தாலும் மழையா இருந்தாலும் அதான் விதி. இருவது வருச சர்வீசுல நான் ஒரு தடவகூட உள்ள நின்னு குடுத்தது கெடையாது."

சொல்லும்போது அவருக்கு வியர்வை சட்டையெல்லாம் ஊறி வழிந்தது. முகத்தில் அப்படியொரு பெருமை. நோட்டீஸில் இருந்த விஷயம் இதுதான்: அனுமதி இல்லாமல் லிண்டலும் பெல்ட்டும் போடக்கூடாது. லிண்டலுக்குக் கடலூர் போகவேண்டும், பெல்ட்டுக்குச் சிதம்பரம் வரவேண்டும்.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. கழகம் தொடங்கியபோது தலைமை அலுவலகம் எங்களுக்குத்தான் என்று கடலூரும் சிதம்பரமும் மல்லுக்கு நின்றிருக்கின்றன. கடைசியில் சுவரையே பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள். சுவரில் எங்கெல்லாம் திறப்பு இருக்கிறதோ அது கடலூருக்கு. திறப்பு இல்லாத இடமெல்லாம் சிதம்பரத்துக்கு. வாசல், ஜன்னல், லிண்டல் எல்லாம் கடலூர். சுவர், மூலை, பெல்ட் எல்லாம் சிதம்பரம்.

முதலில் கடலூர் போனேன். அங்கே இணை இயக்குநர் கார்த்திகேசன். மெல்லிய குரல், நெற்றியில் சந்தனம், யாரையும் "வாங்க" என்று சொல்லித்தான் உட்கார வைப்பார். என் வாசல் எத்தனை அடி என்று கேட்டார். மூன்று அடி என்றேன்.

"அப்ப லிண்டலும் மூணு அடி."

"ரெண்டு பக்கமும் முக்கா முக்கா அடி ஏறணும்னு மேஸ்திரி சொல்றாருங்க."

"எங்க ஏறணும்?"

"சொவத்து மேலதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மணவாளன், நல்லா யோசிச்சி பாருங்க. வாசல் என்னோடது. சொவரு சிதம்பரத்தோடது. என் லிண்டல் போயி அவுங்க சொவத்து மேல ஒக்காந்தா அதுக்கு பேரு ஆக்கிரமிப்பு. பொறம்போக்குல குடிசை போட்டா நாம உடறோமா? அதே மாதிரிதான்."

"அப்ப லிண்டல் எது மேல சார் ஒக்காரும்?"

"லிண்டல் இருக்கணும்னுதான் விதி. ஒக்காரணும்னு எந்த விதியிலயும் இல்ல," என்றார் கார்த்திகேசன்.

அவரே என்னை எழுப்பி அலுவலகத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே கழகத்தின் மாதிரிச் சுவர் நின்றது. வீடு கிடையாது, ஒரே ஒரு சுவர், அதில் ஒரு வாசல். மூன்றடி வாசலுக்கு மேலே மூன்றடி லிண்டல். அது கீழே விழாமல் இருக்க வாசலின் நட்ட நடுவில் ஒரு முட்டுக்கட்டை. முட்டுக்கட்டைக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து மாலை போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டுவார்களாம். பயனாளிகள் ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வாசலில் ஒரு தடவை நுழைந்து வரவேண்டும். நுழைந்தேன். ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது.

"இந்தப் பக்கம் உள்ள போறதுக்கு, அந்தப் பக்கம் வெளிய வர்றதுக்கு. வீட்டுல ஒரு ஒழுங்கு வருது பாத்தீங்களா?" என்றார் கார்த்திகேசன். "போன தடவ முட்டு நழுவி லிண்டல் எனக்கு முன்னால இருந்த அதிகாரி கால்ல விழுந்துடுச்சி. விசாரணைக் குழு போட்டோம். லிண்டல் மேல தப்பே இல்லன்னு வந்துச்சி. அவரு கால வச்சிருந்த எடம்தான் அனுமதி இல்லாத எடம்."

அடுத்து சிதம்பரம். தெற்கு வீதிக்குப் பின்னால் ராஜாமணி சாரின் அலுவலகம். கூடத்தில் நான்கு நாற்காலிகள், நான்கு பேர் நான்கு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கிழக்குச் சுவருக்கு ஒரு சீட், மேற்குச் சுவருக்கு ஒரு சீட், அப்படியே தெற்கும் வடக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பெல்ட் நாலு சுவரையும் சுற்றி வரவேண்டும் என்று நான் சொன்னதும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தும்மியதுபோல் நிமிர்ந்தார்கள். ராஜாமணி சார் என்னை உள்ளே கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"மூலைன்னா என்னா? ரெண்டு சொவரு சேர்ற எடம். ரெண்டு சொவருன்னா ரெண்டு சீட்டு. ரெண்டு சீட்டு ஒரு எடத்துல சேந்துச்சின்னா யாரு பொறுப்புன்னு தெரியாம போயிடும். அதனால மூலைக்கு மூலை ஒரு அடி எடம் உட்டு பெல்ட்ட நிறுத்திடணும். பெல்ட்டே இல்லாத எடத்துக்கு யாரும் பொறுப்பு கெடையாது. எல்லாருக்கும் நிம்மதி."

"சார், எங்கூடு மூலையிலதான் பொளந்துச்சி. எம் பொண்டாட்டி காலு…"

"பொளந்துச்சில்ல? நல்லவேளை பெல்ட் இல்ல. பெல்ட் இருந்து பொளந்திருந்தா எங்க பேரு கெட்டிருக்கும்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். ஓங்கி அறைய வேண்டும் என்று என் கை பரபரத்தது. அந்தக் கையால் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இளவரசி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்தாளு இடுப்புல பெல்ட் போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரு."

"அத நாலு துண்டா வெட்டி மாட்டிகினு ஆபீசுக்குப் போவச் சொல்லு. பேண்ட்டு எங்க நிக்குதுன்னு பாப்போம்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மூலைய வெட்டுனா நான் அந்தூட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். ரோட்டுலயே நிக்கறேன். நீ மட்டும் போயி படுத்துக்க."

வேலை நின்றது. பிளாக் சுவர் ஏழடியில் மொட்டையாக நின்றது. நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் போய்ப் போய், கண்டக்டர் என்னிடம் ஊர் கேட்பதையே விட்டுவிட்டார். இதற்கு நடுவில் கடலூர்க்காரர் ஒரு புது ஆட்சேபம் எழுப்பினார். பெல்ட் வாசலுக்கு மேலாகப் போகும்போது கடலூரின் வான்வெளியில் போகிறதாம். ஆகவே மூலையில் மட்டுமல்ல, வாசலுக்கு நேராகவும் அறுக்க வேண்டும். சிதம்பரத்துக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறுத்த இடம் திறப்பு ஆகிவிடும், திறப்பு ஆனால் கடலூருக்குப் போய்விடும் என்றார். எங்கள் வீட்டுக்கு மேலே காற்றும் வெயிலும்தான் இருந்தன. அதையும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திருவந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயனாளிகள் பயிற்சி முகாம் நடந்தது. வராவிட்டால் விண்ணப்பம் ரத்து. காலையில் ஏதோ முகூர்த்தம் முடிந்து ஒரு கோஷ்டி சாப்பிட்டுப் போயிருந்தது, சாம்பார் வாசனை இன்னும் இருந்தது. எங்களுக்குச் சாப்பாடு கிடையாது, "சுவரும் வாழ்வும்" என்ற தலைப்பில் சொற்பொழிவுதான். அதில் சிறந்த பயனாளி விருதைத் திட்டக்குடியிலிருந்து வந்த பாலகுமார் என்பவருக்குக் கொடுத்தார்கள். லிண்டலில் ஒரு குறைகூட இல்லாத ஒரே வீடு அவருடையதாம். ஷீல்டை வாங்கிக்கொண்டு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்டிங்க ஒரு கொறையும் இல்லாம கட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுல வாசலே இல்லீங்க. ஜன்னலும் இல்ல," என்றார் பாலகுமார். "லிண்டல மாத்து மாத்துன்னு உசுர எடுத்தாங்க. கடுப்பாயி எல்லாத்தையும் பிளாக் வச்சி அடைச்சிட்டேன். அதுக்கு அவார்டு."

"அப்ப எப்டி வெளிய வந்தீங்க?"

"மாடியில ஒரு தொறப்பு வச்சிருக்கேன். ஏணி வச்சி எறங்கிக்குவேன். கூரைய இன்னும் எந்த ஊருக்குன்னு பிரிக்கலீங்க. எங்க மாமா வந்தாத்தான் கஷ்டம், கயிறு கட்டி எறக்கணும். அவருக்கு ஒடம்பு ஜாஸ்தி."

அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஷீல்டை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நானும் கடைசியில் ஒடிந்துதான் போனேன். மழைக்காலம் கிட்டே வந்துவிட்டது. மூலையை வெட்டித் தொலைப்போம், கூரை போட்டால் போதும், இளவரசியைக் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்போதுதான் அந்தக் கட்டடத்தைச் சரியாகப் பார்த்தேன்.

என் கடைக்கு எதிர்ப்பக்கம் கழகம் தனக்கென்று ஒரு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிரிவுக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்று புதுச்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதுவும் ஹாலோ பிளாக்தான். அன்றைக்குத்தான் கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் லிண்டல் இரண்டு பக்கமும் ஒரு அடிக்குக் குறையாமல் சுவரில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மேலே பெல்ட் ஒரு மூலையில்கூட நிற்காமல் நாலு சுவரையும் சுற்றி ஓடியிருந்தது.

அங்கே நின்ற கான்ட்ராக்டரிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "சாருங்க ரெண்டு பேரும் நேர்ல வந்து நின்னு பாத்தாங்க. நாம ஒக்கார்ற எடம், மூலையில கம்பிய கொறைக்காதன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவர்களுக்குத் தெரியும். அதுவரை நான் அவர்களை மடையர்கள் என்று நினைத்திருந்தேன், மடையர்களை மன்னிக்கலாம். கடைக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று ஒரு பையன் கொண்டுவந்த டியூபில் ஓட்டை ஒரு பக்கம் இருக்க இன்னொரு பக்கம் ஒட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இளவரசியிடம் சொன்னேன். அவள் எதிர்க் கட்டடத்தை மூலை மூலையாகப் பார்த்தாள்.

"அவுங்க ரூல அவுங்க கையாலயே அவுங்களுக்கு ஊட்டி உடணும்," என்றாள். "மேஸ்திரிய கூப்புடு."

விதிப்படியே கட்டுகிறேன் என்று இரண்டு ஊரிலும் எழுதிக் கொடுத்தேன், வான்வெளிச் சண்டையைத் தள்ளிவைத்து அனுமதி தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீப் வராது. அந்தோணிசாமி முதலில் முடியாது என்றார். பிறகு மூன்று ஆளோடு வந்து, மூலைப் பிளாக்கின் ஓட்டைகளில் கம்பியை நட்டு, லிண்டலை முழு நீளத்துக்குப் போட்டு, பெல்ட்டை எங்கும் நிறுத்தாமல் சுற்றி ஓட்டி, கான்கிரீட்டைக் குத்திவிட்டுப் போனார். காய்ந்ததும் பூசி, மேலே சிமெண்ட் ஷீட்டைப் போல்ட் போட்டு முடுக்கினோம். இளவரசி கறுப்புப் பெயிண்ட் வாங்கி வரச் சொன்னாள். நான்கு மூலையிலும், பெல்ட் உயரத்தில், வெளியேயும் உள்ளேயும் ஒரு அடி அகலத்துக்கு ஸ்கேல் வைத்துக் கறுப்பு அடித்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பெல்ட் இல்லாததுபோலவே இருக்கும். வாசல் நடுவில் ஒரு மூங்கிலை நட்டுப் பச்சையும் வெள்ளையும் பூசினோம். ஜீப் சத்தம் கேட்டால் நடுவோம், போனதும் பிடுங்கி அதில் துணி காயப்போடுவோம்.

ராஜாமணி சார் ஜீப்பில் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்த்தார். "இவ்ளோ நேரான எடைவெளிய நான் எந்தூட்டுலயும் பாத்ததில்ல," என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். கார்த்திகேசன் சார் மூங்கிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஆண்டின் மாதிரிப் பயனாளி நான்தான் என்று அறிவித்தார்கள்.

புதுக் கட்டடத்தைப் பார்வையிடச் சென்னையிலிருந்து இலக்கியா என்று ஒரு தணிக்கை அதிகாரி வந்தார். சிறிய வயதுதான், சிரிக்கவே மாட்டார். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே போட்ட மேடையில் எனக்கு ஷீல்டு கொடுத்துவிட்டு, ஏதாவது பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் கும்பிட்டபடியே பேசினேன்.

"எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நல்லது சொல்லிக் குடுத்த சாருங்களுக்கு நன்றிங்க. மூணடி வாசலுக்கு மூணடி லிண்டல், மூலைக்கு மூலை எடைவெளி, வாசல்ல முட்டு. அதுபடிதான் எங்கூட்ட கட்டியிருக்கேன். ஆனா மனசுல ஒரு வருத்தம்ங்க. இந்தக் கட்டடத்துல யாரோ லிண்டல சொவத்து மேல நீட்டி ஆக்கிரமிப்பு பண்ணியிருக்காங்க. பெல்ட்டையும் மூலைய சுத்தி ஓட்டியிருக்காங்க. சாருங்களுக்குத் தெரியாம நடந்திருக்கும். அவுங்க பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான் சொல்றேன்."

இலக்கியா மேடம் அண்ணாந்து பார்த்தார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த விதி தப்பு மேடம் என்று யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். கட்டடமும் பிழைத்திருக்கும், திட்டக்குடிக்காரரும் வாசல் வைத்துக்கொண்டிருப்பார். நானும் மன்னித்திருப்பேன், சத்தியமாக.

"உடனே வெட்டிடறோம் மேடம்," என்றார் கார்த்திகேசன்.

"மூலைய நானே நின்னு வெட்டறேன் மேடம்," என்றார் ராஜாமணி.

வெட்டினார்கள். கட்டர் மிஷின் வைத்து, புழுதி பறக்க, நாலு மூலையிலும் பெல்ட்டை ஒரு அடி அறுத்தெடுத்தார்கள். லிண்டல்களின் இரண்டு முனையையும் அறுத்து, ஒவ்வொரு வாசலுக்கும் நடுவில் ஒரு முட்டுக்கட்டை நட்டார்கள். நானும் இளவரசியும் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொரையைத் தொட்டுக்கொண்டு டீ குடித்தபடி பார்த்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஐப்பசியில் திறப்பு விழா. நல்ல நாள் பார்த்து வைத்தது, மாற்ற முடியாது. டிவியில் புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது கழகத்துக்கு முறைப்படி தபாலில் வரவில்லை. காலையிலிருந்தே காற்றும் மழையும். நான் மூங்கிலைப் பிடுங்கிக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் ஓரம் நின்றேன். என் கண் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாலும் மனசெல்லாம் இளவரசி மேல்தான் இருந்தது. அவள் இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

கார்த்திகேசன் சாரின் குரல் மைக்கில் கேட்டது: "இது வெறும் கட்டடம் இல்ல. எங்க கொள்கைதான் இங்க கட்டடமா நிக்குது."

அப்போது ஒரு காற்று வந்தது. எதிர்க் கட்டடத்தின் வடகிழக்கு மூலை மேலிருந்து கீழே மெதுவாக விட்டது. எங்கள் பழைய வீடு எப்படி விட்டதோ அப்படியே. உள்ளே இருந்த கூட்டம் வாசலுக்கு ஓடி வந்தது. வாசல் நடுவில் முட்டுக்கட்டை. ஒரு பக்கம் கார்த்திகேசன் சாரும் இன்னொரு பக்கம் ராஜாமணி சாரும் ஒரே நேரத்தில் நுழைந்து மாட்டிக்கொண்டார்கள். "இது உள்ள வர்ற பக்கம் சார், வெளிய போறது அந்தப் பக்கம்," என்று ஒருவரும், "நீங்க மொதல்ல வயித்த எக்குங்க," என்று இன்னொருவரும் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் தள்ளிய தள்ளில் முட்டு பிடுங்கிக்கொண்டு, எல்லாரும் வெளியே வந்து விழுந்தார்கள். கடைசி ஆள் வந்த பிறகு லிண்டல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. சாய்ந்த சுவருக்கு அடியில் புது நாற்காலிகள்தான் போயின.

கூட்டம் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடியது. இவர்கள் இரண்டு பேரால் அவ்வளவு தூரம் ஓட முடியவில்லை. எங்கள் கதவைத் தட்டினார்கள். இளவரசியைப் பார்த்தேன். "தொற," என்றாள்.

உள்ளே வந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்கள். இளவரசி துண்டு கொடுத்தாள், டீ போட்டாள். அடுத்தவர் வீட்டில் டீ குடிக்காத கார்த்திகேசன் சார் இரண்டு டம்ளர் குடித்தார். ராஜாமணி சார் வடகிழக்கு மூலையில் போய் நின்றார். பயந்தவன் மூலையைத்தான் தேடுவான் போலிருக்கிறது. வெளியே தகரமும் கிளையும் பறந்தன. எங்கள் சுவர் கம்மென்று நின்றது. அவர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். ஸ்டூல் மேல் ஏறி, விரலால் அந்தக் கறுப்பைச் சுரண்டினார்.

"இது பெயிண்ட்டு," என்றார். "பெல்ட்டு உள்ள முழுசா ஓடுது."

"ஆமாங்க சார்," என்றாள் இளவரசி.

"விதிமீறல்."

"ஆமாங்க சார். அதனாலதான் நீங்க இதுக்கு மேல நனையாம நிக்கறீங்க."

ராஜாமணி சார் பையிலிருந்து ஈரம் படாத நோட்டீஸ் புத்தகத்தை எடுத்து, எங்கள் மூலையிலேயே சாய்ந்துகொண்டு, எங்கள் வீட்டை இடிக்கச் சொல்லி எழுதினார். கிழித்து நீட்டினார். இளவரசி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உள்ள நின்னு குடுத்தா செல்லாதுன்னு சொன்னீங்களே சார். வெயிலானாலும் மழையானாலும் வெளிய நின்னுதான் குடுக்கணும்னு."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு நோட்டீஸைப் பார்த்தார். இருபது வருஷ சர்வீஸ். நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிழித்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து, மழைக்குள் இறங்கி நின்று, திரும்பி, வாசல் வழியாக நோட்டீஸை நீட்டினார்.

இளவரசி இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "மணவாளன், கதவத் தொறங்க," என்று குரல் வந்தது. நான் கார்த்திகேசன் சார் பக்கம் திரும்பினேன்.

"சார், வாசல் கடலூர் பிரிவு. நீங்கதான் அதிகாரி. சிதம்பரத்துக்காரருக்குத் தொறந்து உடலாமா?"

கார்த்திகேசன் சார் டம்ளரை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, யோசித்தார்.

"எழுத்து மூலமா விண்ணப்பிக்கச் சொல்லுங்க," என்றார்.

நான் கதவருகே போய் அதை அப்படியே உரக்கச் சொன்னேன். இளவரசி அந்த மூலைக்குப் போய், முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"காத்து ஜாஸ்தியாவுது," என்றாள். "அந்த ஜன்னலையும் சாத்து."